ஆடாதே அத்தையும் மூன்று காதுப் படமும்

சூரியன் உண்டானதே என் அத்தைக்குப் பக்க விளக்காக இருப்பதற்குத்தான். அது ஒழுங்காக வேலை பார்க்காமல் அடிக்கடி மேகத்துக்குள் ஒளிந்துகொள்கிறது என்பதால்தான் அவள் இரண்டு மின்விளக்கு வாங்கி வைத்தாள். கண்ணாடித் தகடு, வெள்ளி உப்பு, பிலிம் சுருள், கம்ப்யூட்டர் என்று மனிதகுலம் இருநூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் எதற்கு? எங்கள் தெருவில் பல் டாக்டருக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான அறையில், முக்காலியில் ஒரு ஆளை உட்கார வைத்து, "ஆடாதே!" என்று என் அத்தை ஒரு அதட்டல் போடுவதற்கு. அந்த அதட்டலோடு போட்டோக் கலை முழுமை அடைந்துவிட்டது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வீண் வேலை.

இதை நானாகச் சொல்லவில்லை. அத்தை சொன்னதில் பாதியைக் குறைத்துச் சொல்கிறேன்.

ஊரில் அவளுக்குப் பேரே 'ஆடாதே'தான். "ஆடாதே கடையில போய் எடுத்துட்டு வந்துடு" என்பார்கள். பாஸ்போர்ட், லைசென்ஸ், பரீட்சை அட்டை, ஆஸ்பத்திரி அட்டை, எதுவானாலும் அங்கேதான். எங்கள் ஊர்க்காரர் யாருடைய அட்டையையாவது வாங்கிப் பாருங்கள். எல்லாரும் ஒரே கெட்ட செய்தியை ஒரே நேரத்தில் கேட்டதுபோல இருப்பார்கள். மூச்சு நின்று, கண் நிலைத்து, தாடை இறுகி. ஆனால் ஒன்று: எந்த ஆபீஸும் அத்தையின் படத்தைத் திருப்பி அனுப்பியது கிடையாது. "என் படம் திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், இந்த லென்ஸை முழுங்கிடறேன்" என்பாள். அந்த லென்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று விளங்க வேண்டுமானால் போட்டோவின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ஊன்றிப் படித்துவிட்டு அத்தை கடையில் எடுபிடியாக நிற்பவள்; எனக்குத் தெரிந்த சரித்திரம் எல்லாமே சுருக்கம்தான். தாத்தா வைத்திருந்த ஒரு பழைய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. ஆகையால் யார் எழுதியது என்றும் தெரியாது, எப்படி முடிகிறது என்றும் தெரியாது.

போட்டோவின் சரித்திரம் என்பது, மனிதன் எவ்வளவு நேரம் ஆடாமல் இருக்க வேண்டும் என்பதன் சரித்திரம். முதல் படத்தை எடுத்தவர் தன் மாடி ஜன்னலைத் திறந்து எதிரே தெரிந்த கூரைகளை எடுத்தார். கேமராவின் கண்ணைத் திறந்தவர் பொழுது முழுக்க மூடவே இல்லையாம். அதற்குள் சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால் படத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் அடிக்கிறது. கூரை என்பதால் பொறுத்துக்கொண்டது. மனிதனாக இருந்தால் நடுவில் சாப்பிடப் போயிருப்பான்.

பிறகு இன்னொருவர் ஒரு பெரிய நகரத்துக் கடைத்தெருவை எடுத்தார். வண்டி, குதிரை, ஜனம் என்று தெரு கொள்ளாத நெரிசல். படத்தைப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. எல்லாரும் நடந்துகொண்டே இருந்ததால் ஒருவரும் பதியவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் ஓரமாக நின்று, காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் படத்தில் விழுந்துவிட்டார். பாலிஷ் போட்டவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் அரைகுறையாக, ஒரு கறைபோலத் தெரிகிறார். உழைத்தவன் கறை, சும்மா நின்றவன் சரித்திரம்.

அப்புறம் ஸ்டுடியோக்கள் வந்தன. நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி நிற்கும். அதன் உச்சியில் ஒரு கவட்டை. அது ஆளின் பிடரியைக் கவ்விக்கொள்ளும். தாத்தா காலத்துக் கம்பி ஒன்று எங்கள் கடை மூலையில் இன்னும் நிற்கிறது, மழைக்குக் குடை மாட்ட. பழைய படங்களில் பெரிய மனிதர்களெல்லாம் அவ்வளவு கம்பீரமாக இருப்பதற்குக் காரணம் வீரம் அல்ல, கழுத்துக்குப் பின்னால் இரும்பு. பிறகு தகடு வேகமாயிற்று, பிலிம் வந்தது, ஒரு நொடியை நூறாக அறுத்தார்கள், ஆயிரமாக அறுத்தார்கள். ஓடுகிற குதிரையின் நாலு காலும் அந்தரத்தில் இருப்பதைக்கூடப் பிடித்துவிட்டார்கள். கடைசியில் கேமரா போனுக்குள் புகுந்தது. இப்போது படத்துக்காக மனிதர்கள் யாரும் நிற்பதில்லை. சாப்பாட்டைத்தான் நிறுத்தி வைத்து எடுக்கிறார்கள்.

இந்த ஊர்வலம் முழுவதும் அத்தையின் கடை வாசல் வழியாகத்தான் போயிற்று. அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்துவிட்டாள்.

கடை தாத்தாவுடையது. அவர் மெதுவான பெட்டிக் கேமராவில் வளர்ந்தவர். "ஆடுறவன் படத்துல விழமாட்டான்" என்று தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தார். என் அப்பா ஆடினார். லாரி உதிரிபாக வியாபாரத்துக்குப் போனார். அத்தை ஆடவில்லை, கடை அவளுக்கு வந்தது. பெட்டி போய் பிலிம் வந்தது, பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. அத்தையும் புதுக் கேமரா வாங்கினாள். வாங்கி, அதில் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்து நிறுத்தினாள். விமானம் வாங்கி முன்னால் மாட்டைப் பூட்டின மாதிரி.

"வேகமா எடுத்தா தோல்தான் விழும். ஆளு விழணும்னா கொஞ்சம் காத்திருக்கணும்" என்பாள்.

அவள் கேமரா திறக்கும்போது ஒரு 'டக்' கேட்கும். மூடும்போது ஒரு 'டக்'. நடுவில் எச்சில் விழுங்க இடம் இருக்கும். ஆனால் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மறுபடி உட்கார வேண்டும்.

மாமா அப்படித்தான் மாட்டினார். அல்லது அத்தை மாட்டினாள். இதில் வழக்கு இன்னும் தீரவில்லை.

மாமா பஸ் கண்டக்டர். ஆடிக்கொண்டே நிற்பதுதான் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். கல்லாவில் தாத்தா, கேமராவுக்குப் பின்னால் அத்தை. அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தையே "ஆடாதீங்க." அவர் ஆடினார். அது பிலிம் காலம். கழுவிப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வந்தார், படத்தில் முகத்துக்குப் பதில் ஒரு மூட்டம். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி மூட்டம். மூன்றாவது தடவை 'ங்க' போய்விட்டது. "ஆடாதேன்னு சொன்னேன்ல! மனுஷன்தானா நீ?" என்று அத்தை கத்தினாளாம். கல்லாவிலிருந்த தாத்தா தலையை நிமிர்த்திப் பார்த்து, ஏதோ புரிந்துகொண்டு, மறுபடி குனிந்துகொண்டாராம்.

"வேணும்னே ஆடினீங்களா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடுற பஸ்ல ஒத்தைக்கால்ல நின்னு சில்லறை எண்ணுறவன் நான். முக்காலியில உக்காந்து ஆடுவேனா? படம் நல்லா வந்துட்டா அப்புறம் எதைச் சொல்லிட்டு வர்றது?"

இன்றைய போன் கேமரா அன்றைக்கு இருந்திருந்தால் அத்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. விஞ்ஞானம் நல்லவேளையாக மெதுவாக வந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் அத்தையின் 'ங்க' மாமாவுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. படம் எடுக்கும்போது மட்டும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் உட்கார்ந்தால், "ஆடாதே!" என்று பழைய மரியாதையோடு விழும். அவர் அதற்காகவே போய் உட்காருவார் என்பது என் எண்ணம்.

இனி கடையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கண்ணாடி. வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ள முக்காலிக்கு ஓரமாகச் சுவரில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அத்தை எப்போதும் அகலமாக எடுத்துவிட்டுப் பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பாள். வெட்டாத படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கண்ணாடியில் கடை வாசல் தெரியும். அங்கே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் காலை மாற்றி நின்றுகொண்டும் தலையைச் சொறிந்துகொண்டும் இருப்பதால் வெறும் புகையாகத்தான் விழுந்திருப்பார்கள். எங்கள் கண்ணாடியில் ஆவிகள்தான் குடியிருக்கின்றன.

இரண்டாவது, கேமராவின் தலையில் இருக்கும் சக்கரம். கண் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். பக்கத்திலேயே ஒரு பொத்தான். வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பேராசையோடு விழுங்க வேண்டும் என்பதற்கு. ஒருமுறை வரி ஆபீசர் ஒருவர் மிடுக்காக வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பொத்தானை முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தேன். சுண்ணாம்புச் சுவரில் இரண்டு மூக்குத்துவாரம் மட்டும் இருப்பதுபோல ஆபீசர் வந்தார். அத்தை என்னை அதே முக்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க வைத்தாள்.

"இன்னொரு தடவை உன் விரல் இதுல பட்டுச்சு, அந்தக் கழுத்துக் கம்பியில உன்னை மாட்டி ஷோகேஸ்ல வச்சிருவேன்."

சொல்லிவிட்டுச் சக்கரத்தின் மேலும் பொத்தானின் மேலும் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். எண்கள் தெரியும் சின்னத் திரைக்கும் ஒரு துண்டுத் துணி. "எண்ணைப் பாத்து எடுக்கிறவன் கணக்குப்பிள்ளை. நான் ஆளைப் பாத்து எடுக்கிறேன்."

மாமா ஓய்வு பெற்ற பிறகு வலது கை மெல்ல ஆட ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் அலை அடித்தது. "பஸ் இன்னும் என் உடம்பை விட்டு இறங்கலை" என்று சிரித்தார். பிறகு தலையும் இல்லை இல்லை என்பதுபோல ஆட ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார்; நிற்காது, மட்டுப்படும் என்றார். அத்தை அன்றிலிருந்து வீட்டில் எதையும் சத்தமாக வைப்பதில்லை. மாமாவிடம் அதட்டிப் பேசுவதும் இல்லை. மாமாவுக்கு இதுதான் டாக்டர் சொன்னதைவிடப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் பெண்ணுக்கு, அதாவது கடல் தாண்டிப் போய் வேலை பார்க்கும் என் அக்காவுக்கு, குழந்தை பிறந்தது. "ரெண்டு பேரும் வந்துடுங்க, என்னால தனியா முடியல" என்று போனில் அழுதாள். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இல்லை. ஊருக்கே பாஸ்போர்ட் படம் எடுத்த வீட்டில் ஒருத்தருக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

அத்தை தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். சுவரே தோற்றுவிடும், அப்படி ஒரு அசையாமை. அப்புறம் மாமாவை உட்கார வைத்தாள். டக். எச்சில் விழுங்கும் நேரம். டக். எடுத்ததை அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. வெட்டி, அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பாஸ்போர்ட் ஆபீஸ் ஜன்னல்காரர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல மூணு காது இருக்கே?"

"என்னுதுதான்" என்றார் மாமா.

"எது எதுன்னு சொல்லுங்க பாப்போம். இப்படியிருந்தா மெஷின் ஏத்துக்காதுங்க. வேற நல்ல கடையில எடுத்துட்டு வாங்க."

நல்ல கடையில்! படம் திரும்பி வந்துவிட்டது. நான் கடை வாசலிலேயே நின்றிருந்தேன். "அத்தை, லென்ஸ் கொண்டு வரட்டா, தண்ணி வேணுமா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் மட்டும் கொண்டு வந்தேன்.

"நீ மட்டும் போயிட்டு வா" என்றார் மாமா. "எனக்கு எதுக்கு பாஸ்போர்ட்? அங்க போய் நான் யாரைத் தூக்கப் போறேன்? இந்தக் கையால தூக்கினா புள்ளைக்கு ஊஞ்சல்தான்."

"நீங்க வரலைன்னா நானும் போகல."

"அப்போ பொண்ணு?"

அத்தை கடை விளக்குகளை அணைத்துவிட்டு மாடி வீட்டுக்கு ஏறிப் போனாள்.

மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் பின்னேற்றத்தில் இறங்குவார்கள். தாத்தா காலத்துக் கழுத்துக் கம்பி, மழைக்குக் குடை மாட்ட உதவிக்கொண்டிருந்ததே, அதை எடுத்துத் துரு துடைத்து, எண்ணெய் போட்டு, கவட்டைக்குப் பழைய துண்டைச் சுற்றினாள். மாமா பார்த்தார். போய் உட்கார்ந்தார். கவட்டை பிடரியைக் கவ்வியது. தலை நின்றது. ஆனால் உள்ளே இருந்த ஆட்டம் வேறு வழி தேடித் தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து கம்பிக்கு ஏறி, முக்காலி, கம்பி, மாமா மூன்றும் சேர்ந்து 'கடகட'வென்று ஆடின.

"டிப்போவை விட்டுக் கிளம்புது" என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கம்பியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்து, அதில் குடையையும் மாட்டினாள்.

"அத்தை, சக்கரத்தைக் கொஞ்சம் வேகமா வச்சா போதும்ல? ஓடுற குதிரையையே எடுத்திருக்காங்க."

"அது குதிரை. அது பாஸ்போர்ட் கேக்கல."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சக்கரத்தை இரண்டு சொடுக்கு திருப்பினால் தீர்ந்துவிடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் மாமா முன்னால் அந்தப் பிளாஸ்திரியை உரிப்பதும், "நீங்க ஆடுறீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான். அதுவரை அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஊர் முழுக்க நாளெல்லாம் கேட்கும் 'ஆடாதே', அந்த ஒரு ஆளுக்கு மட்டும் நின்றுபோயிருந்தது. முதல் தடவை எடுத்தபோதும் சொல்லவில்லை, கம்பி மாட்டி எடுத்தபோதும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினாள்.

ரெண்டு நாள் கழித்து மாமா தயங்கித் தயங்கி, "எதிர்க்கடையில எடுத்துக்கட்டுமா?" என்றார்.

எதிர்க்கடை என்பது போனுக்கு உறை விற்கும் கடை. அங்கே ஒரு பையன் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆளை நிறுத்தி, போனாலேயே படம் எடுத்துக் கண் மூடித் திறப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவான். அவன் கடை இருக்கும் திசையில் அத்தை காபி ஆற்றக்கூட மாட்டாள்.

"போங்க. தாராளமாப் போங்க. உங்க தோலை உரிச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சுக் குடுப்பான்."

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். தெருவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அத்தை அடுப்பு மூட்டவில்லை; வீட்டில் எல்லாருக்கும் கடை ரொட்டி.

பயணம் அப்படியே நின்றுபோயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டினாள். ஒரு கை, ஒரு கால், ஒரு வாய் என்று திரை முழுக்கப் பறந்தன. முகம் மட்டும் நிற்கவே இல்லை.

"கொஞ்சம் ஆடாம காட்டேன்டி" என்றாள் அத்தை.

"எங்கேம்மா நிக்குது? பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். இதுக்கு ஆஸ்பத்திரி அட்டைக்குப் படம் எடுக்க இங்கே அஞ்சு பேரு மல்லுக்கட்டுறோம்."

மாமா போனைத் தன் பக்கம் இழுத்தார். அவர் கையில் போன் ஆட, அங்கே குழந்தை ஆட, இரண்டும் எப்படியோ ஒன்றுக்கு ஒன்று ஈடாகி, ஒரு விநாடி குழந்தையின் முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. இப்படி நடக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், நடந்தது. "என்னை மாதிரியே இருக்குடா" என்றார். போனை வைத்துவிட்டு, "சாயங்காலம் சட்டை மாத்திட்டுக் கீழே வர்றேன். கடைசியா ஒரு தடவை பாத்துடலாம். இதுவும் திரும்பி வந்தா நீ மட்டும்தான் போகணும், பேச்சு மாறக்கூடாது" என்று அத்தையிடம் சொன்னார்.

மத்தியானம் அத்தை கண் அசந்தபோது நான் கடைக்குள் போனேன். பிளாஸ்திரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். சக்கரத்தை வேகத்தின் பக்கம் தள்ளினேன். அதனால் குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக, ஆபீசரைச் சுண்ணாம்பு அடித்த அதே பொத்தானை ஏற்றினேன். படத்தில் லேசாக மணல் தூவினதுபோல இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். பாட்டிலின் எழுத்துகூடப் படிக்க முடிந்தது. அந்தப் படத்தை அழித்துவிட்டு, பிளாஸ்திரியைப் பழைய சுருக்கத்தோடு ஒட்டினேன். துணித் துண்டையும் போட்டேன். இதெல்லாம் பாசத்தால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டால் கடை என் ராஜ்யம் என்ற ஒரே எண்ணம்தான்.

சாயங்காலம் மாமா இஸ்திரிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். நான் அப்போது கடை வாசலில் தெருவைப் பார்த்து நின்று, எதிர்க்கடைப் பையனுக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்த எதையும் பார்க்கவில்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

அத்தை விளக்குகளைப் போட்டாள். கேமராவுக்குப் பின்னால் போனாள். சத்தமே இல்லை. மாமாவின் சட்டைக் கைப்பொத்தான் முக்காலி விளிம்பில் உரசும் சின்னச் சத்தம் மட்டும்.

"என்ன, எடுக்கலையா?" என்றார் மாமா.

"எடுக்கிறேன்."

"ஒண்ணும் சொல்லமாட்டியா?"

"என்னத்தைச் சொல்ல?"

"ஊருக்கெல்லாம் சொல்றியே. நேத்து அந்த வாத்தியார் உக்காந்தாரே, அவருக்குச் சொன்னே. பல் டாக்டருக்குச் சொன்னே. நாய்க்குட்டி தூக்கிட்டு வந்தாங்களே, அந்த நாய்க்குச் சொன்னே. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறே."

"சும்மா இருங்க."

"நாய் அடங்கும், நான் அடங்கமாட்டேன், அதானே? அதான் விட்டுட்டே. நீ சொல்லாம விட்டதுலேர்ந்துதான் எனக்கு நோயாளி ஆயிட்டோம்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் கைதான் ஆடிட்டு இருந்துச்சு."

அப்புறம் தெருக்கோடிவரை கேட்டது.

"ஆடாதேன்னு சொன்னேன்ல! மனுஷன்தானா நீ?"

மாமாவுக்குச் சிரிப்பு கிளம்பியது. டக்.

அத்தை இந்தத் தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். காது இரண்டு. கண் திறந்து, வாய் மூடி, சிரிப்பு உதட்டுக்கு வருவதற்கு முந்தின கணம். எங்கள் கடைச் சரித்திரத்திலேயே நல்ல செய்தி கேட்ட முகத்தோடு ஒரு பாஸ்போர்ட் படம் இது ஒன்றுதான். ஜன்னல்காரர் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், முத்திரை குத்தினார். "எந்தக் கடை?" என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா? மெதுவா எடுத்தாலும் விழும். எடுக்கிற கை எடுக்கணும்" என்று தெரு முழுக்கச் சொன்னாள். எதிர்க்கடைப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினாள். அவன் பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நானும் ஆட்டினேன். மெதுவான படத்தின் மகிமையை அவள் வாசலில் விளக்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் சக்கரத்தையும் பொத்தானையும் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன். உண்மை தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் அத்தையிடம் மூச்சு விட வேண்டாம். வரும் வாரம் விமானம். அந்தக் கர்வத்தோடு ஏறட்டும்.

இங்கே முடித்துவிட்டேன் என்றுதான் தாள்களைக் கல்லாவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசித் தாளில் இருக்கிறாள்.

"விமானத்துக்கு மாட்டைப் பூட்டினேனா?"

"அது சும்மா அத்தை, ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்கு. சரி. உண்மை தெரிஞ்ச ஒரே ஜீவனா நீ?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"ஏண்டி, இந்த ஆயுசு முழுக்க என் காது ரெண்டு 'டக்' கேட்டுக்கிட்டு இருக்கு. அன்னிக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. கண்ணு மங்கலாம், காதுமா மங்கும்?"

"அப்போ அன்னிக்கே ஏன் சொல்லல? ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்களே!"

"சொன்னா நீ லென்ஸைத் தூக்கிட்டு வந்து நிப்பே. அது பெருசு, தொண்டையில இறங்காது." கல்லா இழுப்பறையைத் திறந்தாள். "அது போகட்டும். இதுல ஒரு இடத்துல பொய் எழுதியிருக்கே. நீ வாசல்ல தெருவைப் பாத்து நின்னியாக்கும்? எதிர்க்கடைக்கு முகத்தைக் கோணிக்கிட்டு?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை எதிர்க்கடை உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரிய தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். மாமாவின் படம். வெட்டாத படம். நடுவில் மாமா; ஓரத்தில் கண்ணாடி. கண்ணாடியில் ஆவி இல்லை. வாசல் நிலையில் சாய்ந்து, உள்ளே பார்த்தபடி, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினாறு வயதில் ஒரு பெண், சந்தேகத்துக்கு இடமில்லாமல், கூர்மையாக.

"நீ சக்கரத்துல கை வைக்காம இருந்திருந்தா இங்கே வெறும் புகைதான் இருந்திருக்கும். யாருன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள் அத்தை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, விரலால் தட்டிக் காட்டினாள்.

"எவ்வளவு வேகமா வச்சியோ தெரியல. பாரு, மூக்கு ஒழுகுறதுகூடத் தெளிவா விழுந்திருக்கு."